விடுப்பில் இருப்பவரை அழைக்கக் கூடாது

மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, "சுத்துவட்டாரத்துக் கம்பெனிகள்ல லீவு எப்படித் தர்றாங்கன்னு விசாரிச்சு ஓர் அட்டவணை போட்டுக் கொண்டு வா" என்று உங்கள் மேலாளர் சொல்லியிருப்பார். இன்னும் சொல்லவில்லை என்றால் கூடிய சீக்கிரம் சொல்வார். ஆட்கள் வேலையை விட்டுப் போகத் தொடங்கினால் நிர்வாகத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது லீவுதான். சம்பளத்தை ஏற்றினால் மறுபடி இறக்க முடியாது. லீவை ஏற்றிக் கொடுத்துவிட்டு அதை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம். ரிட்டையர் ஆனதும் வாய் நீண்டுவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் உத்தியோக காலம் முழுக்க இந்த லீவு விஷயத்தில்தான் குப்பை கொட்டினேன்.

முதலில் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நல அலுவலராக இருந்தேன். பிறகு மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் மனிதவள மேலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் கிடையாது, யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம். இப்போது செங்கல்பட்டில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறேன்.

தொழிற்சாலைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே சட்டம் என்ன சொல்கிறதோ அதுதான் லீவு. ஒரு நாள் கூடுதலும் இல்லை, ஒரு நாள் குறைவும் இல்லை. உடம்பு சரியில்லை என்றால் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் சீட்டு வாங்கி வர வேண்டும். சொல்லாமல் வராமல் போனால் வீட்டுக்கு ஆள் வரும். அந்த ஆள் நான்தான். ஒரு ஸ்கூட்டரைக் கொடுத்து, "போய்ப் பார்த்துட்டு வாங்க, நிஜமாவே படுத்திருக்கானா, ஏமாத்துறானா" என்று அனுப்புவார்கள். தொழிலாளர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'ஸ்கூட்டர் சிஐடி'. காதில் விழும். விழாத மாதிரி இருந்துகொள்வேன்.

அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் வேடந்தாங்கல், மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள். வருஷத்தில் இரண்டு முறை அந்தப் பாதிப் பேருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வரும். நடவுக்கு ஒரு முறை, அறுப்புக்கு ஒரு முறை. உலகத்தில் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத இந்த நோயை விசாரிக்க ஒரு நாள் தணிகாசலம் என்ற லேத் ஆப்பரேட்டர் வீட்டுக்குப் போனேன். வீட்டில் ஆள் இல்லை. வயலுக்கு வழி காட்டினார்கள். முழங்கால் வரை சேறோடு, நாற்றுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார்.

"இன்னா மேடம், இம்மாந்தூரம் வந்துகீறீங்க?"

"காய்ச்சல்னு லீவு போட்டிருக்கீங்களே, பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "காய்ச்சல்தான் மேடம். தொட்டுப் பாருங்க, எப்படிக் கொதிக்குது!" என்று வெயிலில் காய்ந்த கையை நீட்டினார். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்கு மேல் என்ன விசாரணை? மோர் கொடுத்தார்கள், குடித்தேன். 'ஓய்வில் இருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கே போனாலும் இப்படித்தான். வாசலில் நின்று திட்டுவார்கள், உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். நிஜமாகவே படுத்துக் கிடப்பவரைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த வீடுகளில் இருந்து கிளம்பி என் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்ததும் முதல் வேலையாக டீவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

அப்புறம் ரிசார்ட்டுக்கு வந்தேன். அங்கே ஜி.எம். என்னைவிட ரொம்ப இளையவர். ஹோட்டல் படிப்புப் படித்துவிட்டுப் பல ஊர் சுற்றி வந்தவர். அதிர்ந்து பேச மாட்டார். ரூம் சுத்தம் செய்கிற பெண்ணிடம்கூட 'நீங்க வாங்க' என்றுதான் பேசுவார். ஆட்கள் வேலையை விட்டு ஓடிக்கொண்டே இருந்தார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "மேடம், ஒரு கம்பேரிசன் போடுங்க. இந்தக் கடற்கரை ஏரியாவுலயே நம்ம லீவ் பாலிசிதான் பெஸ்ட்னு இருக்கணும்."

சந்தோஷமாகக் கிளம்பினேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய தோழி ஒருத்தி சொன்னாள், அவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் காரணம்கூடக் கேட்க மாட்டார்களாம், மொபைலில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். தனியார் பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்த இன்னொருத்தி, லீவு என்று நான் வாயைத் திறந்ததுமே ஆளை விடு என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அணுமின் நிலைய ஊழியர்கள் இருக்கும் அணுபுரம் குடியிருப்பில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. மத்திய அரசு வேலை, லீவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சேர்த்து வைத்துக்கொண்டே போகலாம். அதைவிட அந்த வீட்டு அம்மா சொன்ன இன்னொன்று எனக்குப் பிடித்திருந்தது. காலையில் பால் பாக்கெட்டை எடுக்கவில்லை என்றால் எதிர்வீட்டுக்காரர் பெல்லை அடித்து "ஊருக்கா, உடம்புக்கா?" என்று கேட்டுவிடுவாராம்.

கடைசியாக மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்துக்குப் போனேன். தலையெல்லாம் கல் தூசியோடு உட்கார்ந்திருந்த முதலாளியிடம், "உங்க ஆளுங்களுக்கு சிக் லீவு உண்டா?" என்று கேட்டேன். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"லீவாவது இன்னொண்ணாவது. வேல செஞ்சாத்தான் டப்பு. ஆனா அவன் வரலைன்னா அவன் கல்லு பாதியில நின்னுகினு இருக்கும்ல? அத்தப் பாத்துகினே எத்தினி நேரம் நம்ம வேலயப் பாக்குறது? டீ வாங்கப் போறவன் அப்படியே அவன் வூட்ல எட்டிப் பாத்துட்டு வந்துருவான்."

இதை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சம்பளத்துடன் கூடிய விடுப்பு: இல்லை. நோய் விடுப்பு: இல்லை. அவ்வளவுதான் எழுதினேன். பட்டியலில் கடைசி இடம் அந்தச் சிற்பக் கூடத்துக்குத்தான் கிடைத்தது.

ஜி.எம். அட்டவணையைப் பார்த்துவிட்டு சாஃப்ட்வேர் கம்பெனி முறையைப் பிடித்துக்கொண்டார். புதிய விதி வந்தது. உடம்பு சரியில்லை என்றால் மொபைலில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். டாக்டர் சீட்டு வேண்டாம், காரணம் வேண்டாம். மறுநாளும் வரவில்லை என்றால் கணினி தானாகவே இன்னொரு நாள் நோய் விடுப்பாக ஏற்றிக்கொள்ளும், கணக்கில் லீவு இருக்கும்வரை. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'விடுப்பில் இருப்பவரை அழைக்கக் கூடாது.' ரூம் சர்வீஸ், சமையற்கட்டு, சலவைப் பிரிவு எல்லா இடத்திலும் மாட்டினோம். நான் கைதட்டியே வரவேற்றேன். லீவு போட்டவனுக்குப் போன் மேல் போன் போட்டு, 'அந்தச் சாவி எங்கே, இந்த பில் எங்கே' என்று பிடுங்குகிற மேலாளர்களைப் பார்த்துப் பார்த்து நொந்தவள் நான். இனி ஸ்கூட்டர் சிஐடி வேலையும் கிடையாது. மனிதர்களை நம்புகிற ஓர் இடம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

சலவைப் பிரிவில் ஏகாம்பரம் என்று ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர், ஓயாமல் பேசுவார். அரை நாள் லீவு என்றாலும் என் அறை வாசலில் வந்து நின்று, ஆதியோடந்தமாகச் சொன்னால்தான் அவருக்கு நிம்மதி. அவர் பேச்சில் பாதி வீட்டைப் பற்றித்தான். "வூட்ல இன்னிக்கு வஞ்சிரக் கொழம்பு மேடம்." "வூட்ல கேட்டுகினு சொல்றேன் மேடம்." "வூட்ல திட்டுவாங்க மேடம், லேட்டாயிடுச்சு." நல்ல குடும்பஸ்தர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை. ரிசார்ட்டில் பெரிய கல்யாணம், ஓர் அறைகூடக் காலியில்லை. துண்டு போதவில்லை என்று புகார் வந்ததால் சலவைப் பிரிவுக்குப் போனேன். ஏகாம்பரத்தின் மிஷினில் அதே பிரிவில் வேலை பார்க்கும் தேவி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய மிஷினையும் அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்வையில் புடவை நனைந்து போயிருந்தது.

"ஏகாம்பரம் எங்க?"

"அண்ணாத்த லீவு மேடம்."

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கிழம வரல. அப்பாலருந்து வரவேயில்ல."

"போன் பண்ணிப் பார்த்தியா?"

அவள் சுவரைக் காட்டினாள். "கூப்புடக்கூடாதுன்னு மாட்டிகீதே மேடம்."

என் அறைக்கு வந்து கணினியைப் பார்த்தேன். ஏகாம்பரத்தின் பெயருக்கு எதிரே வரிசையாகப் பச்சை. திங்கட்கிழமை மட்டும் அவர் பட்டனை அழுத்தியிருந்தார், மற்ற நாட்களைக் கணினியே ஏற்றிக்கொண்டு, எல்லாம் முறையாக ஒப்புதல் ஆகியிருந்தது. தினமும் காலையில் 'விரைவில் நலம் பெற வாழ்த்துகள்' என்று ஒரு ரோஜாப்பூப் படத்தோடு அவருக்குச் செய்தியும் போயிருந்தது, அதுவும் தானாகவே. அரை நாளுக்கே வாசலில் வந்து நிற்கிற மனுஷன் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருப்பாரா என்று தோன்றியது. அவர் எண்ணுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஜி.எம்.மிடம் போனேன். கல்யாண வீட்டார் அவரைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஓரமாக அழைத்துச் சொன்னேன்.

"மேடம், அவர் ஃபேமிலியோட ரெஸ்ட் எடுத்துட்டிருப்பார். சார்ஜ் இறங்கியிருக்கும். நாமே ரூல் போட்டுட்டு நாமே மீறினா அப்புறம் யார் நம்புவாங்க? நாளைக்கு வேவு பாக்குறோம்னு பேச்சு வரும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் கஷ்டம். தப்பாகச் சொல்பவரை மீறுவது சுலபம். போய் நின்றால் ஏகாம்பரம் மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார், 'உடம்பு சரியில்லைன்னு சொன்னா நம்ப மாட்டீங்களா மேடம்?' என்று கேட்பார். மறுநாள் ரிசார்ட் முழுக்கப் பரவும். இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும். போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை.

"திட்டினா சந்தோஷமா வாங்கிட்டு வரேன் சார்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷனின் வீடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பூஞ்சேரி என்று மட்டும் தெரியும். தேவி மிஷினை நிறுத்திவிட்டு, "நானும் வரேன் மேடம்," என்று ஸ்கூட்டரில் ஏறினாள். துண்டு இல்லாமல் கல்யாண வீட்டார் கத்துவார்கள் என்று தெரிந்துதான் ஏறினாள். பூஞ்சேரியில் டீக்கடையில் விசாரித்தோம். "லாண்டிரிக்காரரா? அந்தக் கோடி வூடு," என்றார்கள்.

வரிசையாக மூன்று நான்கு ஒற்றை அறைகள். வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏகாம்பரம் சம்சாரம் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இன்னா சம்சாரம்? ஒண்டிக்கட்டம்மா அவரு. வந்ததுலேர்ந்து ஒண்டிதான்."

தேவி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவில் வெளிப்பூட்டு இல்லை. உள்தாழ்ப்பாள். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. தேவி கதவை இடித்து, "அண்ணாத்த! நான் தேவி கீறேன், தொற அண்ணாத்த!" என்று கத்தினாள். பதில் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

"கதவை உடைக்கணும்," என்றேன்.

வீட்டுக்காரம்மா பதறிவிட்டாள். "குடிச்சிட்டுத் தூங்கினாலும் தூங்குவாரும்மா. கதவ ஒடச்சா யாரு கட்டிக் குடுக்குறது?"

"நான் தரேங்க்கா," என்றாள் தேவி. அவளால் முடியுமா முடியாதா என்பதெல்லாம் அவள் யோசித்த மாதிரி தெரியவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போலீசுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம், அதுதான் முறை. அவர் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தால், ஒரு தனி மனுஷனின் கதவை உடைத்து அவருடைய ஏழ்மையையும் தனிமையையும் ஊர் பார்க்கத் திறந்து வைத்தவள் என்ற கெட்ட பெயர் எனக்கு வரும். இரண்டையும் நினைத்தேன். எந்தத் தப்புக்கு நாளைக்கு மன்னிப்புக் கேட்க முடியுமோ அந்தத் தப்பைச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். டீக்கடை ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள்.

தரையில் கிடந்தார். கட்டிலுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில். உதடு வெடித்து, கண் பாதி திறந்திருந்தது. மேலே சட்டை இல்லை, லுங்கி மட்டும். என்னை அடையாளம் தெரிந்ததும் அவர் கை மெதுவாக எதையோ தேடியது. பிறகுதான் புரிந்தது, மேடம் முன்னால் வெறும் உடம்போடு கிடப்பதற்கு வெட்கப்பட்டு எதையாவது இழுத்துப் போர்த்திக்கொள்ளப் பார்க்கிறார். தேவி கட்டிலில் இருந்த போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு அழ ஆரம்பித்தாள்.

ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். டெங்கு. சர்க்கரையும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "பேஷண்ட்கூட யாரு?" என்று நர்ஸ் கேட்டபோது, "நான்தான்" என்றேன். அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை என் வாழ்க்கையில் அதுவரை நான் சொன்னதே இல்லை.

பிழைத்துக்கொண்டார். பேச்சு வந்த அன்று, தேவியை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மேடம், ஒரு ஒதவி. எங்க ஆளுங்ககிட்ட, வூட்ல எல்லாரும் ஊருக்குப் போயிருந்தாங்கன்னு சொல்லிடுங்க."

"சரி," என்றேன்.

"சம்சாரம் போய் ரொம்ப வருசமாச்சு மேடம். கொழந்த இல்ல. ஒண்டியாக் கீறேன்னு தெரிஞ்சா ஒரு மாதிரி பாப்பாங்க. பாவம்னு சொல்லுவாங்க. அது வாணாம் மேடம்."

அவருக்காகப் பொய் சொல்ல நான் தயாராகத்தான் ரிசார்ட்டுக்குப் போனேன். அதற்கு வேலையே வரவில்லை. சலவைப் பிரிவில் தேவி ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். "அண்ணாத்த வூட்ல எல்லாரும் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாங்க, பாவம் அந்த நேரம் பாத்து ஜுரம் வந்துடுச்சு." அவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை, அவரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கடைசிவரை அப்படியே இருந்தார்கள்.

ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று. அன்று வீட்டுக்கு வந்து உள்தாழ்ப்பாளில் கையை வைத்தவள் அப்படியே நின்றேன். போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் திருடன் பயம் வந்து போட்டுக்கொண்டேன், அது வேறு விஷயம்.

ஏகாம்பரம் வேலைக்குத் திரும்பிய பிறகு கேண்டீனில் ஒரு கூட்டம் போட்டோம். நோய் விடுப்பில் இரண்டாவது நாள், மனிதவளப் பிரிவில் இருந்து ஒரு போன் வரும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு மட்டும், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டோம் என்று விளக்கினேன். ஜி.எம். பக்கத்தில் நின்றார். "வேணும்கிறவங்க கை தூக்குங்க," என்றார்.

ஒரு கைகூட எழவில்லை.

"ரெண்டாவது நாள் போனு, மூணாவது நாள் வூட்டுக்கு ஆளு. தெரியாதா எங்களுக்கு?" என்றார் சமையற்கட்டில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக மறுத்தது ஏகாம்பரம்தான். எழுந்து நின்றே சொன்னார்.

"அதெல்லாம் எதுக்கு மேடம்? குடும்பஸ்தனுங்களுக்குப் பேஜாரு. வூட்ல இருக்கறவங்க பாத்துக்க மாட்டாங்களா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தேவி தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டாள். விதியில் எந்த மாற்றமும் இல்லை என்று கூட்டம் முடிந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்துப் பிழைத்தவனே வேண்டாம் என்றால் நான் யாருக்காக மாரடிக்கிறேன் என்று இருந்தது.

மறுநாள் காலையில் வரவேற்பறையில் வேலை பார்க்கும் பெண் என் அறைக்கு வந்தாள். புருஷன் துபாயில். மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை. கதவைச் சாத்திவிட்டு, "மேடம், நேத்து சொன்னீங்களே, அந்த போன்... எனக்கு மட்டும் பண்ணுவீங்களா? யாருக்கும் தெரிய வேணாம்," என்றாள். மத்தியானம் அஸ்ஸாமில் இருந்து வந்து பரிமாறுகிற ஒருவர், அரைகுறைத் தமிழில் அதையே கேட்டார். அடுத்த நாள் செக்யூரிட்டி. அவர் மகன் கூடவேதான் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். "இருக்கான் மேடம், இருக்கான்," என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவராக வந்தார்கள். குடும்பத்தோடு இருப்பவர்கள் என்று நான் நினைத்திருந்தவர்களே அதிகம். எல்லோரும் கதவைச் சாத்திவிட்டே பேசினார்கள். எதையும் நான் எழுதி வைக்கவில்லை. எழுதினால் யாராவது பார்ப்பார்கள்.

ஏகாம்பரமும் வந்தார். அவர் வாழ்க்கையிலேயே குறைவாகப் பேசியது அன்றுதான். "போனெல்லாம் வாணாம் மேடம். ஒரு மிஸ்டு கால் குடுத்தாப் போதும். நான் திருப்பி ஒண்ணு குடுப்பேன். வரலைன்னா நீங்க பாத்துக்குங்க." சொல்லிவிட்டு, வூட்ல சமையல் ஆகியிருக்கும் என்று கிளம்பினார்.

எல்லோருக்கும் கடைசியாக ஜி.எம். வந்தார். கிளம்பும் நேரம், கையில் பை. ஏதோ பில்லைப் பற்றிக் கேட்டார், பதில் சொன்னேன். போகாமல் நின்றார். கோவளத்துக்கு இந்தப் பக்கம் கடலைப் பார்த்த அடுக்ககம் ஒன்றில் இருந்தார் என்று எனக்குத் தெரியும். பெரிய வாடகை, நல்ல காற்று. அதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"மேடம், நீங்க சிலருக்குப் போன் பண்றீங்கன்னு தெரியும். ரூலை மீறுறீங்கன்னும் தெரியும்," என்றார்.

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் லீவு போட்டா எனக்கும் பண்ணுங்க."

அந்த அறிவிப்பை எழுதியவரும் அவர்தான், அது வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தவித்தவரும் அவர்தான். அறிவிப்பு நான் ஓய்வு பெறும்வரை சுவரில் அப்படியே இருந்தது. நான் பாட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன்.

ஆகவே அட்டவணை போடுங்கள். தாராளமாகப் போடுங்கள். எந்தக் கம்பெனியில் எத்தனை நாள், சீட்டு வேண்டுமா வேண்டாமா, சேர்த்து வைக்கலாமா கூடாதா, எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதுங்கள். லீவில் இருப்பவனை வேலைக்காகப் பிடுங்குவது அயோக்கியத்தனம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் ஒருவர் வரவில்லை என்றால் அது யார் கண்ணில் படும் என்று விசாரித்துவிட்டு மதிப்பெண் போடுங்கள். அதைக் கூட்டம் கூட்டிக் கேட்காதீர்கள். எனக்கு யாரும் இல்லை என்று பத்துப் பேர் முன்னால் கையைத் தூக்கிச் சொல்ல எந்த மனுஷனுக்கும் மனம் வராது. தனியாக, கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.

அன்று கேண்டீனில் எழாத கைகளில் என் கையும் ஒன்று. அந்த யோசனையைக் கொண்டு வந்தவளே நான், என்னைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. இத்தனை பேருக்குப் போன் செய்கிறவளுக்கு யார் செய்வார்கள் என்பதை நான் ஓய்வு பெற்று வந்த பிறகுதான் யோசித்தேன். உத்தியோகத்தில் இருந்தவரை பத்து நிமிஷம் தாமதமானால்கூட யாராவது தேடுவார்கள். இப்போது எல்லா நாளும் லீவு. எல்லாம் தானாகவே ஒப்புதல் ஆகிவிடுகிறது.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். எழுந்து கஞ்சி வைக்கக்கூட முடியவில்லை. போன் ஒரே ஒரு முறை அடித்தது. தனிநபர் கடன் வேண்டுமா என்று ஒரு பெண். வேண்டாம் என்று சொல்லாமல் அவளை நிறையப் பேசவிட்டேன். வட்டி எவ்வளவு, எத்தனை வருஷம், என்ன ஊரம்மா உனக்கு, சாப்பிட்டாயா என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளே, "மேடம், உங்க குரல் சரியில்லையே, உடம்பு முடியலையா?" என்றாள். அழுதுவிட்டேன். பாவம், பயந்துபோய் வைத்துவிட்டாள்.

இது ஏதோ அறிவுரை என்று நினைத்து இதுவரை படித்திருப்பீர்கள். எனக்கு ஒன்று வேண்டும், அதைக் கேட்கத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன். உங்களில் யாராவது ஒருவர், தினமும்கூட வேண்டாம், நினைவு வரும்போது எனக்குப் போன் செய்யுங்கள். காலைக் காப்பிக்குப் பிறகு எந்த நேரமானாலும் சரி. பேச ஒன்றும் இல்லை என்றால் லீவு விதியில் ஏதாவது சந்தேகம் கேளுங்கள், சொல்கிறேன். நான் எடுக்கவில்லை என்றால் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்காதீர்கள். கிளம்பி வந்து கதவை இடியுங்கள்.